துக்க வீட்டு ரேடியோ

என் கணவர் நிலவழகன் இறந்த பதினேழாம் நாள் காலையில் கேபிள்காரர் ஏணியோடு வந்து எங்கள் வீட்டு இணைப்பைக் கழற்றினார். நான் கழற்றச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "துக்க வீட்டுக்கு ஒரு வருசத்துக்கு எதுக்கு டீச்சர் கேபிளு? ஒங்க கொழுந்தனார் ராக்கண்ணந்தான் கழட்டச் சொன்னாரு" என்று ஏணியில் நின்றபடியே சொன்னார். வீடு என்னுடையது, இறந்தது என் கணவர், கழற்றச் சொன்னது அடுத்த தெருவில் இருக்கிற ராக்கன். எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. பதினேழு நாளாக நான் எதற்குமே வாயைத் திறக்காமல்தான் இருந்தேன்.

டிவியின் மேல் ஏற்கெனவே வெள்ளைப் போர்வை விழுந்திருந்தது. அடக்கம் முடிந்து வந்த கையோடு ராக்கன்தான் அதைப் போர்த்தினான். எங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டில் வருஷப் பூசை முடிகிற வரைக்கும் டிவி பார்க்கக் கூடாது, பாட்டுக் கேட்கக் கூடாது. பைபிளில் எங்காவது இப்படி எழுதியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. ராக்கன் தன் சொந்த மாமனார் செத்தபோது மூன்றாம் நாளே செல்போனில் கிரிக்கெட் பார்த்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆம்பிளையின் காதுக்குத் துக்கம் கிடையாது போலிருக்கிறது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இனி அந்த வீட்டில் நானும் என் மாமியார் ஆரோக்கியம்மாளும் மட்டும்தான். பகலில் துக்கம் கேட்க ஆட்கள் வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறவர்கள், நிலைப்படியைத் தாண்டியதும் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்குவார்கள். அத்தை உடனே எதிர்க்குரல் கொடுப்பார். நான் எழுந்து வந்தவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். பத்து நிமிஷம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, "கொஞ்சம் சீனி தூக்கலா காபி போடுத்தா" என்பார்கள்.

முதல் வாரம் அழுதேன். அதில் பொய் இல்லை. பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷர், சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆனால் இரண்டாம் வாரத்தில் ஆள் வந்தால் கண்ணீர் வரவில்லை. வர வேண்டுமே என்ற நினைப்பே அதை அடைத்துவிட்டது. "டீச்சருக்குக் கல்லு நெஞ்சு" என்று தெருவில் பேச்சு எழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று விட்டுவிட்டேன். ஆள் இல்லாத நேரம் அதைவிட மோசம். சுவர்க் கடிகாரமும் அத்தையின் ஜெபமாலை மணியும் தவிர வேறு சத்தம் இல்லை. அந்த அமைதியில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று உண்மையாகவே பயந்தேன்.

கேபிள் போன அன்று சாயங்காலம் ராக்கன் வந்தான்.

"அண்ணி, கார் சாவியக் குடுங்க. வண்டி சும்மா நின்னா பேட்டரி எறங்கிரும். நான் ஓட்டிக்கிட்டிருக்கேன். ஒங்களுக்கு லீவு முடிஞ்சதும் நானே ஸ்கூல்ல கொண்டுபோயி விடுறேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். "முப்பதாம் நாள் பூசை முடியட்டும் தம்பி, பேசிக்கிரலாம்" என்றேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் பதினான்கு கிலோமீட்டர். நேரத்துக்குப் பஸ் இல்லை. பதினோரு வருஷமாக என் கணவர்தான் அந்தப் பழைய வெள்ளைக் காரில் கொண்டுபோய் விடுவார். என்னிடம் லைசென்ஸ் உண்டு. எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. சாவியைக் கேட்டால் "லாரியா வருது, நீ உக்காரு ஷர்லி" என்பார். நல்ல மனுஷர். ஒருநாள் கையை ஓங்கியது கிடையாது. ஆனால் ஸ்டியரிங்கும் டிவி ரிமோட்டும் அவர் கையில்தான். காரில் அவர் போட்டதுதான் பாட்டு, வீட்டில் அவர் வைத்ததுதான் சேனல். செத்துப் போனார் என்பதற்காக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இருபதாம் நாள் காலை, பீரோவிலிருந்து லைசென்ஸை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். "எங்கிட்டுப் போற?" என்று அத்தை கேட்டார். "புதுக்கோட்டைக்கு" என்றேன். வாசலிலேயே வண்டி இரண்டு முறை அணைந்தது. எதிர்வீட்டில் மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. மூன்றாவது முறை கிளம்பிவிட்டது. மாத்தூர் வந்து, புதுக்கோட்டை ரோட்டில் ஏறி, கீரனூரைத் தாண்டுகிற வரைக்கும் மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அடித்தால் அடிக்கட்டும். ஹாரன் சத்தம் ஒன்றும் கடிக்காது.

புதுக்கோட்டையில் கார் ஸ்டீரியோவும் டிஷ்ஷும் விற்கிற ஒரு கடை உண்டு, எங்கள் காரின் பழைய செட் அங்கே வாங்கியதுதான். கடைக்காரர் பெயர் அஜித். முப்பது வயதிருக்கும். நான் இறங்கி, வண்டிக்குப் புது ரேடியோ செட் வேண்டும் என்றதும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலீங்களா?" என்றார்.

"சார் எறந்துட்டாரு. இருபது நாளாச்சு."

அவர் முகம் மாறியது. "அப்ப... வருசம் திரும்புறதுக்குள்ளயா டீச்சர் செட்டு மாட்டுறீங்க?"

"ஏன், வருசம் திரும்புனா வெல கொறையுமா?"

பத்து இஞ்ச் திரை வைத்த செட் ஒன்றைத் தூக்கி மேஜையில் வைத்தார். அதில் யூடியூப் ஓடும், படம் பார்க்கலாம், வழி காட்டும் என்று அடுக்கினார். "நான் வண்டி ஓட்டணுமா, படம் பாக்கணுமா?" என்றேன். எனக்கு வேண்டியதைச் சொன்னேன். வீட்டிலும் ரேடியோ, வண்டியிலும் ரேடியோ. வீட்டில் பாதியில் விட்ட நிகழ்ச்சி வண்டியில் ஏறினால் தொடர வேண்டும். அமெரிக்காவில் காருக்கே சாட்டிலைட்டிலிருந்து ரேடியோ வருகிறதாம், எங்கள் பள்ளி டீச்சர் ஒருவரின் மகன் சொன்னான். அது வேண்டும்.

அஜித் சிரித்தார். "அது அங்கிட்டுங்க டீச்சர். நம்மகிட்ட இப்ப வண்டிக்கு அப்புடி எதுவும் கெடையாது. வீட்டுக்குன்னா சட்டி மாட்டலாம். மாசக் கட்டணமில்லாத டிஷ்ஷு இருக்கு, அதுல டிவி சேனலோட ரேடியோ சேனலும் வருது. ஆனா சட்டி ஒரே எடத்தப் பாத்து அசையாம நிக்கணும். வண்டி தலையில கவுத்தா மொத வளைவுலயே சிக்னல் போயிரும்."

"அப்ப வண்டிக்கு?"

"அதே சேனல் போன்ல வரும். போன்லருந்து செட்டுக்கு புளூடூத். டவர் இல்லாத எடத்துல திருச்சி எஃப்எம் இருக்கு. இது போதும்." திரை இல்லாத, இரண்டு திருகு மட்டும் உள்ள சின்னச் செட்டை எடுத்து வைத்தார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையால் தடவியே திருப்பலாம். அதைத்தான் எடுத்தேன். பழைய செட்டில் செருகியிருந்த என் கணவருடைய பென்டிரைவை உருவி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

டிஷ் மாட்ட ஆள் நாளைக்கு வருவான் என்றார் அஜித். புதுச் செட்டை வண்டியில் மாட்டி, டிஷ்ஷின் பெட்டியையும் சட்டியையும் பின் சீட்டில் ஏற்றிவிட்டார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ரேடியோவைத் திருகினேன். யாரோ ஒரு டாக்டர் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சர்க்கரை கிடையாது. கீரனூர் தாண்டியதும், எந்தக் காரணமும் இல்லாமல், என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். டாக்டரின் சத்தத்தைக் கூட்டினேன். கூட்டிவிட்டு அழுதேன், வாய்விட்டு, மூக்கு ஒழுக ஒழுக. யாரும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. யாருக்கும் காபி போட வேண்டியிருக்கவில்லை. ரோட்டில் போகிறவன் பார்த்தால் காருக்குள் ஒரு பொம்பளை ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். நிலவழகன் செத்துப் போனது எனக்கு முழுதாக உறைத்தது அன்றைக்குத்தான். அந்தச் சாவியை யாருக்கும் தரக் கூடாது என்று முடிவு செய்ததும் அங்கேதான்.

மறுநாள் டிஷ் மாட்ட வந்தவரை ராக்கன் தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டான். "கெட்டது நடந்த வீட்ல ஏணி வச்சு ஏறுனா ஒனக்கும் ஆகாதுப்பா" என்று சொன்னானாம். ஆகாததை எல்லாம் கேபிள் கழற்ற ஏணி வைத்தவரிடம் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

நானே மாடிக்கு ஏறினேன். அஜித் போனில் சொல்லச் சொல்ல, கைப்பிடிச் சுவரில் தாங்கியை முடுக்கி, சட்டியைத் தென்கிழக்கே பார்க்க வைத்தேன். "இன்னும் அண்ணாந்து பாக்கட்டும் டீச்சர், நமக்கு சாட்டிலைட்டு ஒசரத்துல நிக்கிது" என்றார். சிக்கல் அங்கே இல்லை. சிக்னல் வந்துவிட்டதா என்று டிவித் திரையில்தான் தெரியும். டிவி கீழே, போர்வைக்குள். அதை எடுத்தால் அத்தை மயங்கி விழுவார். சரி, போர்வையை ஏன் எடுக்க வேண்டும்? பழைய காலத்துப் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தது போல, நான் வெள்ளைத் துணிக்குள் தலையை நுழைத்தேன். ஓடிப்போய் மாடியில் சட்டியை ஒரு விரல்கடை திருப்புவதும், இறங்கி வந்து போர்வைக்குள் பார்ப்பதுமாக ஒன்பது தடவை ஏறி இறங்கினேன். முழங்கால் விட்டுப்போனது.

பத்தாவது தடவைதான் புத்தி வந்தது. என் கணவருடைய செல்போனைப் போர்வைக்குள் திரையைப் பார்க்கச் சாய்த்து வைத்து, அதிலிருந்து என் போனுக்கு வீடியோ கால் போட்டேன். என் போன் மேலே மாடியில் இருந்தது. அதை எடுக்க ஓடினேன். கைப்பிடிச் சுவரில் அது நடுங்கிக்கொண்டிருந்தது. திரையில் அவர் படம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வேளாங்கண்ணிக் கடற்கரையில் எடுத்தது. "நிலவழகன் அழைக்கிறார்" என்று எழுத்து. எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எடுத்தேன். போர்வைக்குள்ளிருந்து டிவித் திரை தெரிந்தது. சட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். சிவப்புக் கோடு எழும்பிப் பச்சையானது. திருகை இறுக்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் யாருக்கும் கேட்காமல், "மாட்டிட்டேங்க" என்று அவரிடம் சொன்னேன்.

பெட்டியின் பின்பக்கத்திலிருந்து இரண்டு ஒயரை இழுத்து மேஜை ஸ்பீக்கரில் செருகினேன். தமிழ் ரேடியோ எந்த எண்ணில் வருகிறது என்று போர்வைக்குள் ஒருதடவை பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு திரை தேவையில்லை. டிவி மூடியே இருந்தது, வழக்கம் ஒரு நூல்கூடக் கலையவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரேடியோவை விடச் சத்தமாக ஜெபமாலை சொன்னார். என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் நான் அந்தப் பக்கம் போன பிறகு எடுத்துச் சாப்பிடுவார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மகனைப் பறிகொடுத்தவர். ஆனாலும் ரேடியோவை அணைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் நிலைப்படியில் நின்று ஸ்பீக்கரைப் பார்த்துத் திகைத்தார்கள். ராக்கன் வந்து ஒயரைப் பிடுங்கினான். அவன் தெருவைத் தாண்டுவதற்குள் திரும்பச் செருகினேன். தினமும் மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு மாத்தூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். போகும்போது அழுவேன். வரும்போது நான்காவது கியர் பழகுவேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. கோவிலிலிருந்து சொந்தக்காரர்கள் முப்பது பேருக்கு மேல் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டு இலை எடுத்ததும் ராக்கன் நடுக்கூடத்தில் நின்றுகொண்டான். அன்றைக்கு ஆள் கூட்டத்தில் கேட்டால்தான் நான் மறுக்க மாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

"சாவியக் குடுங்க அண்ணி. சட்டிய எறக்கிருவோம். நடந்தது நடந்துருச்சு. இனிமே ஊரு சிரிக்க வேணாம்."

"தர மாட்டேன் தம்பி."

"எனக்கு ஊருக்குள்ள தலை காட்ட முடியல."

"காட்டாதீங்க. யாரு கேட்டா?"

ஒரு பெரியம்மா "ஆத்தாடி" என்று வாயில் கையை வைத்தார். ராக்கனின் முகம் சிவந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த அத்தையைக் காட்டினான். "ஆத்தா, நீயே சொல்லு. பெத்த வயிறு எரியுது, இவுக பாட்டுப் போடுறாக. இது சரியா தப்பா?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பத்து நாளில் முதல் தடவையாக அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தப்புத்தான்" என்றார்.

"தப்புன்னா தப்பாவே இருக்கட்டும் அத்தை" என்றேன். பிறகு ராக்கனைப் பார்த்துப் பேசினேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

"கல்லு நெஞ்சுன்னு பேசுனீங்கள்ல? ஒங்க முன்னாடி அழுதா அது ஒங்களுக்காக அழுகுறது தம்பி. ஆளு வந்தா அழணும், ஆளு போனா காபி டம்ளர் கழுவணும். நான் அவருக்காக அழுகுறது அந்தக் காருக்குள்ளதான். கண்ணாடிய ஏத்திட்டு, ரேடியோவச் சத்தமா வச்சுட்டு, தெனமும் அழுகுறேன். அந்தச் சாவியக் கேக்குறீங்க. நான் எங்கிட்டுப் போயி அழுகுறது? சொல்லுங்க, இடம் காட்டுங்க, சாவியத் தாரேன்."

ராக்கன் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். நான் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன். பந்தல்காரர் போட்டிருந்த நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதற்கும் நிற்கக் கூடாது, நின்றால் அவ்வளவுதான் என்று தோன்றியது. வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். முதல் தடவையிலேயே கிளம்பியது.

பின் கதவு திறந்தது. ராக்கன்தான் என்று நினைத்து ஆத்திரத்தோடு திரும்பினேன். அத்தை. செருப்பு போடாமல், சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"எங்கிட்டு அத்தை?"

"நீ போற எடத்துக்குத்தான்."

தெருவே வாசலில் நின்று பார்த்தது. வண்டியை மெல்ல நகர்த்தினேன். கோவிலைத் தாண்டியதும் அத்தை முன் சீட்டைத் தட்டினார்.

"கண்ணாடிய ஏத்து."

ஏற்றினேன்.

"அதப் போடு. பாட்டு வேணாம். பேசுறது எதாச்சும் வந்தாப் போடு. சத்தமா போடு."

திருகினேன். யாரோ ஒருவர் நிலக்கடலைக்கு ஜிப்சம் எப்போது இட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் எழும்பியது. முப்பது நாளாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அத்தை வைத்த ஒப்பாரி எனக்கு மனப்பாடம். பொன்னும் முத்தும் தேரும் குதிரையும் அதில் வரும். இதில் அது எதுவும் வரவில்லை. மெட்டும் இல்லை. "எம் புள்ள" என்ற இரண்டு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப, மூச்சு முட்டுகிற வரைக்கும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியிலும் பார்க்கவில்லை. தினமும் திரும்புகிற மாத்தூர் முக்கில் வண்டியைத் திருப்பாமல் நேரே ஓட்டினேன்.